லூவர் நூதனசாலையும் உல்லாசப் பிரயாணியும்

பாரிஸ் மாநகரிற் சேன் நதிக்கரையில் அமைந்துள்ள லூவர், முன்னாளிற் பிரெஞ்சு மன்னரின் அரண்மனையாக விளங்கியது. புரட்சிக் காலத்தில், 1793ஆம் ஆண்டில், அது பொதுமக்களுக்குரிய நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அங்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளுட் பெரும்பாலார் முதலில் நாடுவது லியனார்டோ டா வின்சி தீட்டிய ‘மோனா லிசா’வையே.

அவ்வோவியம் 77 சென்ரிமீற்றர் உயரமும் 53 சென்ரிமீற்றர் அகலமுங் கொண்ட சிறு மரப்பலகையில் வரையப்பட்டது. அதன் சிறப்பைக் கலையறிஞர் முன்னரே உணர்ந்திருந்தனர். ஆயினும் அதன் பெயரைப் பாமரரும் அறியச் செய்தது ஒரு களவேயாகும். 1911 ஓகஸ்ட் 21இல் வின்சென்சோ பெருஜியா என்னும் இத்தாலியத் தொழிலாளி அதனைக் கவர்ந்து சென்றான். பல நாட்டுப் பத்திரிகைகளும் அச்செய்தியைப் பரப்பின. ஓவியம் இருந்த வெறுஞ் சுவரைக் காணவும் மக்கள் திரண்டனர்! 1913 டிசெம்பரிற் புளோரன்ஸ் நகரில் அது மீட்கப்பட்டது.

அதே மண்டபத்தின் எதிர்ச் சுவரில், வெரோனேசே 1563இல் முடித்த ‘கானாவூர்த் திருமணம்’ உள்ளது. இயேசுநாதர் வீற்றிருந்த மணவிருந்தைக் காட்டும் அச்சித்திரம் ஏறத்தாழ 10 மீற்றர் அகலமுடையது. நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் நிறைந்தது. வெனிஸ் நகரத் துறவியர் மடமொன்றின் போசன சாலைக்கென வரையப்பெற்ற அதனை, நெப்போலியனின் படையினர் 1797இல் எடுத்து வந்தனர். இதுவுங் கவரப்பட்டதே, எனினும் அத்துணைப் புகழ் பெற்றிலது. மோனா லிசாவை நோக்கி நிற்போர் இதற்கு முதுகு காட்டியே நிற்கின்றனர்.

புகழ் நம்மை ஓர் ஓவியத்தின் முன் கொண்டு நிறுத்தும். அதனைக் காண்பதோ நம் கண்ணின் கடன். ஆதலின் நூதனசாலைக்குச் செல்வோர், பலரும் நோக்குவதை நோக்கியபின், ஒருமுறை திரும்பியும் பார்ப்பாராக.