நோக்கம் ஒன்றானால்



சென்ற பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுபவர். ஊதியத்திலே குறையில்லை, ஆயினும் முகத்திலே மகிழ்ச்சி இல்லை. காரணம் கேட்டேன். "ஐயா, எட்டு மாதமாக ஒரு நிரலின் ஒரு பகுதியை எழுதி வருகிறேன். அது முழுமையில் எங்கே பொருந்தும், யாருக்குப் பயன்படும் என்பது எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் தெரியாது" என்றார்.

பலர் கூடி வேலை செய்வது வேறு. பலர் கூடி ஒரு வேலையைச் செய்வது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பாம்பன் கடலே போதும்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்டது பழைய பாம்பன் இரயில் பாலம். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம், 146 கண்கள். நடுவிலே கப்பல்களுக்கு வழிவிடத் திறந்து மூடும் பகுதி. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் இரயிலைக் கடல் விழுங்கியது. பாலத்தின் கர்டர்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அன்று இராமேசுவரம் தீவை நாட்டோடு பிணைத்திருந்த பாலம் அது ஒன்றே.

சீரமைக்க ஆறு மாதம் ஆகும் எனக் கணித்தார்கள். பின்னர் அதனை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பு, முப்பத்திரண்டு வயதே ஆன பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தனை கர்டர்களையும் தொலைவிலிருந்து கொண்டுவருவதென்றால் காலம் நீளும். அந்நிலையில், அடித்துச் செல்லப்பட்ட கர்டர்கள் கடலடியில் கிடக்கும் செய்தி மீனவர் வாயிலாகத் தெரியவந்தது. அவற்றையே கடலிலிருந்து மீட்டெடுத்துத் தூண்களின் மேல் ஏற்றினார்கள். 46 நாட்களில் இரயில் மீண்டும் ஓடியது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் 46 என்ற எண்ணையே வியப்பார்கள். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. பொறியாளருக்குக் கர்டரின் எடை தெரியும். அது கிடக்கும் இடம் தெரியாது. மீனவருக்கு இடம் தெரியும், கணக்குத் தெரியாது. ஒருவர் அறிந்ததை மற்றவர் செவிகொடுத்துக் கேட்டார். ஏன்? தீவுக்கு மீண்டும் வழி வேண்டும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. நோக்கம் ஒன்றானபோது பதவியின் உயர்வு தாழ்வு அறிவுக்குத் தடையாக நிற்கவில்லை.

நோக்கம் என்பதும் இலக்கு என்பதும் ஒன்றா? அல்ல. இதை நான் பிழை செய்தே கற்றேன். தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் ஆசிரியர்களை அழைத்து, "தேர்ச்சி விழுக்காடு தொண்ணூறைத் தாண்ட வேண்டும்" என்று மட்டும் கூறினேன். தாண்டியது. ஆனால் எவ்வாறு? தேறும் விளிம்பில் நின்ற பிள்ளைகளுக்கே எல்லா ஆசிரியரும் பாடம் நடத்தினர். நன்றாகப் படிப்பவனும் கவனிக்கப்படவில்லை. மிகப் பின்தங்கியவனும் கவனிக்கப்படவில்லை. அவ்வாறு கைவிடப்பட்ட ஒரு மாணவன் பள்ளியை விட்டே நின்றான். ஆசிரியர்கள்மேற் குற்றமில்லை, நான் அவர்களுக்கு எண்ணைக் கொடுத்தேன், நோக்கத்தைக் கொடுக்கவில்லை. எண் என்பது வழியிலே நடப்பட்ட மைல்கல். மைல்கல்லையே ஊர் என்று எண்ணியவன் அங்கேயே தங்கிவிடுவான்.

இனி மென்பொருளுக்கு வருவோம். கொத்தனார் எழுப்பும் சுவரை வழிப்போக்கரும் காண்பர். மென்பொருளோ கண்ணுக்குப் புலனாகாத கட்டடம். ஒருவர் கணக்கிடும் பகுதியை எழுதுவார். ஒருவர் திரையில் தோன்றுவதை அமைப்பார். ஒருவர் பிழை தேடிச் சோதிப்பார். முழுமை எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே நோக்கத்தைச் சொல்லால் உணர்த்துவது அங்கே இன்றியமையாததாகிறது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' என்னும் கைப்பேசிச் செயலியை மீனவர்க்காக உருவாக்கியது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய இடம் ஆகியவற்றை அது தெரிவிக்கும். கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான அவ்வெல்லை 1974, 1976ஆம் ஆண்டு உடன்பாடுகளால் வரையறுக்கப்பட்டது. அலைகளின் மேல் கோடு ஏதும் இல்லை. ஆயினும் அதைக் கடந்தவர் வீடு திரும்பப் பல மாதம் ஆகலாம்.

இத்தகைய செயலியை எழுதும் ஒரு குழுவை எண்ணிப் பாருங்கள். "எச்சரிக்கை மணி ஒலிக்கும் பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் முடி" என்று ஒருவரிடம் சொன்னால் முடித்துவிடுவார். "நள்ளிரவில், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, ஈரக் கையோடு வலை இழுப்பவர் செவியில் இது விழ வேண்டும், அவர் பிள்ளைகள் கரையில் காத்திருக்கிறார்கள்" என்று சொன்னால்? மணியோசை போதுமா, குரலே வேண்டுமா என்று அவரே கேட்பார். ஆழ்கடலில் தொலைபேசிக் கோபுரத்தின் தொடர்பு அறுமே, அப்பொழுதும் இது வேலை செய்யுமா என்று சோதிப்பவர் கேட்பார். எவரும் கட்டளையிடாத கேள்விகள் இவை. நோக்கம் அறிந்தவர் உள்ளத்திலே தாமாக எழுபவை.

நீங்கள் வேலைக்குச் செல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் நால்வர் கூடி ஒரு செயல்திட்டம் செய்கிறீர்கள் அல்லவா? தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: 'இது யாருக்காக? அவருக்கு இதனால் என்ன நன்மை?' பின்னர் நான்கு தாள்களையும் சேர்த்துப் படியுங்கள். நான்கும் நான்கு திசை காட்டினால் வருந்த வேண்டாம். முதல் நாளிலேயே தெரிந்தது நல்லதே. பேசி ஒன்றாக்குங்கள். பயன்படுத்தப்போகும் மனிதரை ஒருமுறை நேரில் கண்டு பேசுங்கள். வாரம் ஒருநாள் அத்தாளை எடுத்துப் பார்த்து, வழி தவறினோமா எனக் கேளுங்கள்.

என் மாணவரிடமும் இதனையே சொன்னேன். "மேலதிகாரி சொல்லாவிட்டால் நீயே சென்று கேள். உனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்" என்றேன். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். அவர் எழுதியது மருத்துவமனைகளில் மருந்து இருப்பைக் கணக்கிடும் பகுதியாம். "அன்று முதல் என் பகுதியை இருமுறை சரிபார்க்கிறேன், ஐயா" என்றார்.

ஊதியம் உயரவில்லை, பதவி மாறவில்லை. வேலையின் மறுமுனையில் ஒரு நோயாளி இருப்பதை அவர் அறிந்துகொண்டார், அவ்வளவே.