படைத்தளத்திற் கல்லூரி
கலப்பு முறைத் தொடக்கக் கல்வி பற்றிய ஓர் ஆய்வு

கல்லூரியை நாடி மாணவர் செல்வது உலக வழக்கு. மாணவர் உள்ள இடத்தை நாடிக் கல்லூரி செல்வது அருகிய வழக்கு. கடல் கடந்த நாடுகளிலுள்ள அமெரிக்கப் படைத்தளங்களில் இவ்வருகிய வழக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நிலைபெற்றுள்ளது. அங்கு இன்று நடைபெறும் தொடக்கக் கற்கைநெறிகள் பல, வகுப்பறையையும் இணைய வழியையும் ஒருங்கே பயன்படுத்துகின்றன. இதனையே கலப்பு முறை என்பர்.

இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், 1944 ஆம் ஆண்டில், போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. படையினின்றும் விலகியோர் அரசின் செலவிற் பயில அது வழி செய்தது. எனினும், படையிலேயே தொடர்ந்து கடமையாற்றியோரின் கல்வி வேட்கை அதனால் நிறைவுறவில்லை. அவர்களுட் பலர் தாய்நாட்டுக் கல்லூரிகளுக்கு எட்டாத் தொலைவில் இருந்தனர். இக்குறையை நீக்க 1949 ஒக்டோபரில் மேரிலாந்துப் பல்கலைக் கழகம் ஏழு ஆசிரியர்களை யேர்மனிக்கு அனுப்பியது. ஆறு நிலையங்களில் வகுப்புக்கள் தொடங்கின. 1,800 இற்கும் அதிகமானோர் சேர்ந்தனர். 1956 இல் இப்பணி யப்பான் முதலிய ஆசிய நாடுகளுக்கும் விரிந்தது. 1970 இற் தனி நிறுவனமாகிய அப்பிரிவு, 2019 முதல் மேரிலாந்துப் பல்கலைக் கழக உலக வளாகம் என வழங்கப்படுகின்றது.

ஆசிரியர் நேரில் வந்து கற்பித்தலே அக்காலத்து முறை. அதன் சிறப்புப் பெரிது, இடர்ப்பாடுகளும் சிலவல்ல. மூன்று மதிப்பலகுகள் கொண்ட ஒரு கற்கைநெறிக்கு ஏறத்தாழ 45 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது பொது மரபு. படைவீரர் அடிக்கடி இடம் மாறுவராதலின், தவணைகள் எட்டு வாரங்களாகச் சுருக்கப்படுவதுண்டு. அவ்வாறாயின் வாரந்தோறும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் வகுப்பில் இருத்தல் வேண்டும். இரவுக் காவல், திடீர்ப் பயிற்சி, வேற்றிடப் பணி ஆகியவற்றுக்கிடையே இது எளிதன்று.

இனி, முற்றிலும் இணைய வழியாகவே கற்பிக்கலாமே எனின், ஆண்டும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒகினாவாவில் மாலை ஏழு மணியாகும்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் விடியற்காலை ஐந்து அல்லது ஆறு மணியேயாகும். ஆதலின், அங்குள்ள ஆசிரியருடன் நேரிற் பேசுவதுபோல் உடனுக்குடன் உரையாடுதல் அரிதாகின்றது. எழுத்தில் வினவி மறுநாள் விடைபெறும் மாணவன், ஐயம் எழுந்த கணத்தில் தனியனாகவே நிற்கின்றான்.

இவ்விரு முறைகளுக்கும் இடைப்பட்டதே கலப்பு முறை. வாரத்தில் ஒருநாள் மாலை மாணவர் தளத்துக் கல்வி நிலையத்திற் கூடுவர். ஏனைய பாடப்பகுதியை அவரவர் ஓய்வு நேரத்தில் இணைய வழி கற்பர். கட்டுரைகளையும் பயிற்சிகளையும் அவ்வழியே ஒப்படைப்பர். செய்தியை அறிதல் தனிமையில் நிகழும். ஐயந் தெளிதலும், எடுத்துரைத்தலும், திருத்தம் பெறுதலும் கூட்டத்தில் நிகழும். இப்பகுப்பே இம்முறையின் உயிர்நாடி.

தொடக்கக் கற்கைநெறிகளில் இதன் பயன் மிகுதியும் புலனாகும். ஆங்கிலக் கட்டுரை, அட்சரகணிதம், உளவியல், வரலாறு போன்றவற்றின் முதற்படியைப் பயில்வோருட் பலர், பாடசாலையை விட்டுப் பல ஆண்டு கழிந்தோர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக் கல்வியை நாடினோரும் அவருள் உளர். பாடத்தை எங்ஙனம் படிப்பது, கட்டுரையை எங்ஙனம் அமைப்பது என்பனவே அவர்க்குப் புதியன. உயர்நிலை மாணவன் தன் தவற்றைத் தானே கண்டு திருத்துவான். தொடக்க மாணவனோ தன் தவறு யாதென்றே அறியான். அதனைச் சுட்ட ஓர் ஆசிரியர் அருகில் இருத்தல் வேண்டும். அன்றியும், கட்டணத்தைப் படைத்துறை ஏற்றபோதிலும், போதிய தேர்ச்சி பெறாதவர் அதனைத் திருப்பிச் செலுத்த நேரும். எனவே, முதற் கற்கைநெறியில் இடறுதல் பொருளிழப்பாகவும் ஊக்கமிழப்பாகவும் முடியும்.

இம்முறையிற் குறைகள் இல்லை என்பதற்கில்லை. வாரம் ஒருமுறையே கூடுவதால், கடமை காரணமாக ஒரு மாலையைத் தவறவிட்டவர் எட்டிலொரு பங்கு வகுப்பை இழக்கின்றார். களைத்த உடலோடு இரவிற் தனித்துக் கற்பதற்கு மனவுறுதி வேண்டும். இணையப் பகுதியை ஆசிரியர் கவனியாது விடின், அது வெறும் வீட்டு வேலையாய்ச் சுருங்கும். சிறிய தளங்களிற் போதிய மாணவர் சேராவிடின் வகுப்பே நடைபெறாமற் போகலாம்.

ஆயினும், இம்முறை உணர்த்தும் உண்மை படைத்தளத்துக்கு மட்டும் உரியதன்று. கருவிகள் பாடத்தை எத்துணைத் தொலைவுக்கும் கொண்டு செல்லும். கற்கத் தொடங்குவோனின் தயக்கத்தைக் கண்டறிவது ஆசிரியனின் கண்ணே. ஆசிரியனுக்குரிய நேரம் சிறிதாயின், அதனை எங்கே செலவிடுவது என்பதே வினா. தொடக்க மாணவன் தடுமாறும் இடத்திற் செலவிடுக என்பதே கலப்பு முறை தரும் விடையாகும்.