பொய்த் தம்பதிகள், மெய்ச் சண்டை

பழவேற்காட்டு ஏரி தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுச் சொத்து. அதனாலேயே அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தால் இரண்டு பாஷைகளும் காதில் விழும். 1955-ஆம் வருஷப் பொங்கலையொட்டி அதே இரண்டு பாஷைகளிலும் வெளிவந்தது விஜயா-வாஹினியாரின் "மிஸ்ஸியம்மா". தெலுங்கில் அது "மிஸ்ஸம்மா".

சண்டைக்காரத் தம்பதிகளைக் காட்டிச் சிரிக்க வைக்கும் படங்கள் எத்தனையோ உண்டு. இதிலோ தம்பதிகளே பொய்; சண்டைதான் மெய். கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பட்டதாரிகளான கணவனும் மனைவியும் தேவை என்று ஒரு விளம்பரம். வேலையின்றித் திண்டாடும் ஹிந்து வாலிபரும், குடும்பக் கடனால் நெருக்குண்ட கிறிஸ்துவப் பெண் மேரியும் தம்பதிகளாக வேஷமிட்டுப் போய்ச் சேருகிறார்கள். பி.ஏ. பட்டத்தின் மதிப்பு அவ்வளவுதான்! வயிற்றுப்பாடு இல்லாவிட்டால் இந்தப் பொய்யே பிறந்திராது. உபாத்தியாயர் தொழிலிலேயே காலந்தள்ளும் நமக்கு, சிரிப்பின் நடுவே அந்த இடம் சுருக்கென்று தைத்தது.

மேரியாக ஸாவித்திரி. தெலுங்கில் இந்த வேடத்துக்கு முதலில் அமர்ந்தவர் பானுமதி. அவர் விலகவே, இரண்டாவது கதாநாயகியாக இருக்கவேண்டிய ஸாவித்திரிக்கு இது கிடைத்தது. ஜமீன்தாராக வரும் ரங்கா ராவின் முன்னால் அவர் மனைவி. தனியே இருந்தால் புலி! ஜெமினி கணேசனோ பதிலுக்குச் சீறாமல் புன்னகை செய்கிறார். அவளுக்கு எரிச்சல் மூட்ட அது ஒன்று போதாதா?

நிலாவைக் கூப்பிட்டு இருவரும் ஒருவர்மேல் ஒருவர் முறையிடும் பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாடியவர்கள் ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும், இசை ராஜேஸ்வர ராவ். குற்றப் பத்திரிகைக்கு இவ்வளவு இனிமை எங்கிருந்து வந்ததோ! நம் வீடுகளில் மத்தியஸ்தம் செய்ய அடுத்த வீட்டு மாமி வருவாள். நிலாவானால் வம்பு வெளியே போகாது.

ஒரே ஒரு குறை. ஜமீன்தார் தம்பதிகள் குழந்தைப் பருவத்தில் தொலைத்த பெண்தான் மேரி என்று கடைசியில் தெரியவருகிறது. கிறிஸ்துவப் பெண்ணாகவே இருந்து அவரை மணந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மதம் வேறானாலும் மனம் ஒன்றலாம் என்பதைப் படம் முழுவதும் சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிட்டு, டைரக்டர் எல். வி. பிரஸாத் வாசற்படியில் வந்து பின்வாங்கிவிட்டார்.

கதையின் பிறப்பிடம் வங்காளம். ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய நாடகம். 1957-இல் அது ஹிந்தியில் "மிஸ் மேரி" ஆயிற்று. அங்கும் கதாநாயகர் நம் ஜெமினியே. மேரி மட்டும் மீனா குமாரி. முடிவை மாற்ற அங்கேயும் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.