முதல் வகுப்பும் இரு மொழியும்

ஆறு வயதுக் குழந்தை ஒரே ஆண்டில் இரண்டு மொழிகளில் பாடம் கற்க இயலுமா? இயலுமெனின், ஒரு மொழி மற்றொன்றைக் கெடுக்காதிருக்குமா? தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. மும்பையிலோ பெங்களூரிலோ தில்லியிலோ குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது, "வீட்டிலும் பள்ளியின் மொழியையே பேசி வாருங்கள்; அப்பொழுதுதான் பிள்ளை தேறும்" என்று யாரேனும் அறிவுரை கூறுவர். பெற்றோரும் குழந்தையின் நன்மையைக் கருதியே அதற்கு இசைவர். ஆண்டுகள் சில சென்றபின், ஊரிலுள்ள பாட்டியோடு தொலைபேசியில் நான்கு வார்த்தை தொடர்ந்து பேச மாட்டாமல் பேரன் விழிப்பதைக் கண்டு வருந்துவோரும் அப்பெற்றோரே. அந்த அறிவுரை தக்கதுதானா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதற்குத் தடா என்னும் ஊர் ஏற்ற இடம். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், ஆரம்பாக்கத்தை ஒட்டித் தமிழ்நாட்டின் எல்லை முடிகிறது. அதனை அடுத்து ஆந்திரத்தில் முதலில் எதிர்ப்படுவது தடா. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. மேற்கே காடு சூழ்ந்த குன்றுகள். அண்மையில் பல நாட்டு ஆலைகள் அமைந்த ஸ்ரீசிட்டி. முன்னர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றும் வரையில் இவ்வெல்லையின் இரு புறமும் ஒரே சென்னை மாநிலமாக இருந்தன. பின்னர், படாஸ்கர் அவர்கள் அளித்த தீர்ப்பையொட்டி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்திற்கும், தடாவுக்கு மேற்கிலுள்ள சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்திற்கும் மாறின. எல்லை மாறினும், மக்கள் பேசும் மொழி ஒரே நாளில் மாறிவிடவில்லை. இரு மொழியும் பேசும் குடும்பங்கள் எல்லையின் இரு பக்கத்திலும் இன்றும் வாழ்கின்றன.

இத்தகைய எல்லைப்புறத்தில், வீட்டில் தமிழ் பேசும் குழந்தை ஒன்று தெலுங்குப் பள்ளியின் முதல் வகுப்பில் சேருகிறது என்று கொள்வோம். அக்குழந்தை முற்றிலும் அயலான மொழியைச் சந்திக்கவில்லை. இரண்டு 'ரெண்டு' ஆகவும், நான்கு 'நாலுகு' ஆகவும், பத்து 'பதி' ஆகவும் அதன் காதில் விழுகின்றன. ஊர் 'ஊரு' என்றும், கண் 'கன்னு' என்றும், பால் 'பாலு' என்றும் உயிரெழுத்தில் முடிகின்றன. உப்பு இரண்டிலும் உப்பே. அக்காள் இரண்டிலும் 'அக்கா'வே. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, இம்மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856 இல் தம் ஒப்பிலக்கணத்தின் வாயிலாக அதனை விரிவாக நிறுவினார்.

எனினும், உறவு மொழியிலும் இடறும் இடங்கள் உண்டு. மூன்று என்பது தெலுங்கில் 'மூடு'. தமிழ்க் குழந்தைக்கோ அது கதவை மூடச் சொல்வதுபோல் ஒலிக்கும். ஏழு என்பது 'ஏடு' ஆகும். 'வான' என்றால் மழை. நமக்கு வானம் ஆகாயம். ககர வரிசையில் தமிழ் ஓர் எழுத்தைக் கொண்டு நடத்தும் வேலைக்குத் தெலுங்கு நான்கு எழுத்துகளை வைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் ஆசிரியர் பிழை என்று அதட்டினால் குழந்தை வாய் மூடிக்கொள்ளும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினாலோ, குழந்தை சிரித்துக்கொண்டே இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மொழியை அறிந்திருப்பதே மற்றொன்றை அறிவதற்குக் கருவியாகிறது.

"தமிழும் தெலுங்கும் உறவு மொழிகள், ஆதலின் எளிது. உறவே இல்லாத இரு மொழிகளையும் குழந்தை தாங்குமோ?" என்று வினவுதல் கூடும். அதற்கு விடை கூறவல்லன அமெரிக்காவில் நடைபெறும் சீன மொழி வகுப்புகள். அந்நாட்டின் யூட்டா மாநிலம், 2008 ஆம் ஆண்டில் சட்டமன்றத்தின் ஒப்புதலோடு இருமொழிக் கல்விக்கு வழிவகுத்து, அடுத்த ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் அதனை நடத்தி வருகிறது. சீனமும் அம்மொழிகளுள் ஒன்று. வீட்டில் ஆங்கிலமன்றி வேறறியாத குழந்தைகள் பலர் முதல் வகுப்பிலேயே இதில் சேருகின்றனர். இம்முறைக்குத் 'தோய்வுக் கல்வி' என்று பெயரிடலாம். சாயத்தில் துணி தோய்வதுபோல், மொழியைத் தனிப்பாடமாகக் கற்காமல், அம்மொழியிலேயே பிற பாடங்களையும் கற்று அதில் தோய்தல் என்பது இதன் கருத்து.

அங்கே ஒரு நாள் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காண்போம். இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் சீனத்தில் மட்டுமே பேசுவார். மற்றவர் ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார். குழந்தைகள் இரு குழுவாகப் பிரிந்து, அரை நாள் ஓர் அறையிலும், பின்னர் இடம் மாறி, எஞ்சிய அரை நாள் மற்ற அறையிலும் இருப்பர். கணக்கும் இயற்கைப் பாடமும் சீன அறைக்கு உரியவை. ஆங்கிலம் படித்தலும் எழுதுதலும் ஆங்கில அறைக்கு உரியவை. சீன ஆசிரியை முதல் நாளிலிருந்தே சீனத்தில் பேசுகிறார். "உட்காருங்கள்" என்று கூறித் தாமே உட்கார்ந்து காட்டுவார். படத்தாலும் பாட்டாலும் கையசைவாலும் பொருள் உணர்த்துவார். குழந்தைகள் சில வாரம் கேட்டுக்கொண்டிருப்பர். பிறகு ஒரு சொல், அதன் பின் ஒரு தொடர் என வாய் திறப்பர். பேசாதிருக்கும் அந்நாட்களில் குழந்தை கற்கவில்லை என்று எண்ணுதல் தவறு. செவி அப்பொழுது வேலை செய்துகொண்டிருக்கிறது.

சீனம் எளிய மொழியன்று. 'மா' என்னும் ஓர் அசையை நான்கு வகையாக ஒலித்தால், தாய், சணல், குதிரை, திட்டுதல் என நான்கு பொருள் தரும். எழுத்தோ ஒலியைக் காட்டும் நெடுங்கணக்கு அன்று. சொல்லுக்குச் சொல் வடிவம் உண்டு. ஆயினும் குழந்தைக்கு அதிலும் ஒரு வழி புலப்படுகிறது. மரத்தைக் குறிக்கும் வடிவம் ஒன்று. அதனை இருமுறை அடுத்தடுத்து எழுதினால் தோப்பு. மும்முறை எழுதினால் அடர்ந்த காடு. எண்ணும் முறையோ ஆங்கிலத்தினும் தெளிவானது. பத்து ஒன்று, பத்து இரண்டு என்றே பதினொன்றும் பன்னிரண்டும் அங்கே வழங்குகின்றன. நம் தமிழும் பெரும்பாலும் அவ்வாறே எண்ணுகிறது என்பதை நேயர்கள் அறிவர்.

இவ்வகுப்பு இடர்ப்பாடின்றி நடைபெறுவதற்குக் காரணம் யாது? ஒவ்வொரு மொழிக்கும் அதற்கென்று ஒரு காலம் உண்டு. அம்மொழிக்கென்று ஓர் ஆள் உண்டு. அம்மொழியில் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. இம்மூன்றும் அமைந்துவிட்டால், "இப்பொழுது எதில் பேசுவது?" என்னும் குழப்பம் குழந்தைக்கு எழுவதில்லை. இடையிடையே இரு மொழிச் சொற்களும் கலந்து வரும். அது குழப்பத்தின் அடையாளமன்று; கையிலுள்ள சொற்களையெல்லாம் குழந்தை பயன்படுத்துகிறது என்பதற்கே அடையாளம். குறையே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. இம்முறை ஓராண்டில் பயன் தருவதன்று. ஐந்தாறு ஆண்டுகள் இடைவிடாது தொடர வேண்டும். இரு மொழியிலும் தேர்ந்த ஆசிரியர் கிடைப்பதும் அரிது.

இம்முயற்சி புதியதும் அன்று. 1963 ஆம் ஆண்டில் மயாமி நகரின் கோரல் வே பள்ளியில், கியூபாவிலிருந்து வந்த குழந்தைகளும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளும் ஒருங்கிருந்து, ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கற்றனர். 1965 இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரை அடுத்த செயிண்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தம் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு மொழியிலேயே தொடக்கக் கல்வி அளிக்க முன்வந்தனர். மக்கில் பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர் வாலஸ் லாம்பர்ட் அக்குழந்தைகளை ஆண்டுதோறும் சோதித்து வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலம் படிப்பதில் அவர்கள் சற்றே பின்தங்கினர்; சில ஆண்டுகளில் அக்குறை நீங்கிற்று. பிரெஞ்சு மொழியோ அவர்களுக்குக் கூடுதலான செல்வமாக நின்றது.

இவ்வறிஞர் பின்னர் 1970-களில் ஒரு வேற்றுமையை எடுத்துக் கூறினார். நமக்கு அதுவே தலையாய பாடம். இருமொழி அறிவில் கூட்டல் உண்டு, கழித்தலும் உண்டு என்றார் அவர். தாய்மொழி நிலைத்திருக்க, அதன்மேல் மற்றொன்று சேருமாயின் அது கூட்டல். புதிய மொழி வர வரத் தாய்மொழி தேய்ந்து மறையுமாயின் அது கழித்தல். யூட்டாவின் குழந்தை அரை நாள் சீனத்தில் இருந்தாலும், அதன் ஆங்கிலத்திற்கு ஊறு நேராது. தெரு ஆங்கிலம், கடை ஆங்கிலம், அரசாங்கமும் ஆங்கிலம். சூழ்ந்துள்ள உலகமே அதற்குக் காவல்.

வெளிமாநிலத்துத் தமிழ்க் குழந்தையின் நிலை அதுவன்று. அங்கே தெரு வேறு மொழி. பள்ளி மற்றொரு மொழி. தமிழுக்கு எஞ்சியிருக்கும் ஒரே இடம் வீடு. "வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுங்கள்" என்னும் அறிவுரை, அந்த ஓரிடத்தையும் பறித்துவிடுகிறது. தோய்தல் வேறு, மூழ்குதல் வேறு. இறங்கிய படியில் ஒரு கால் ஊன்றி நீராடுவது தோய்தல். கால் பாவாத ஆழத்தில் தள்ளிவிடுவது மூழ்கடித்தல். தாய்மொழியே குழந்தை ஊன்றி நிற்கும் படி. ஆதலின் அந்த அறிவுரை தக்கதன்று என்றே துணியலாம். பள்ளி மொழியைப் பள்ளி கற்பித்துவிடும். தமிழை வீடு கற்பியாவிடின் கற்பிப்பார் பிறர் இலர்.

இனி, இதில் சட்டம் அளிக்கும் துணையையும் அறிதல் நன்று. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்களின் மாநாடு, ஒரு பள்ளியில் நாற்பது மாணவரேனும், ஒரு வகுப்பில் பத்து மாணவரேனும் தம் தாய்மொழியில் கற்க விரும்பினால், அம்மொழிக்கு ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று முடிவு செய்தது. 1956 ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம் அரசியலமைப்பில் 350-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த பிரிவான 350-பி, இத்தகைய பாதுகாப்புகளைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை நியமிக்கச் செய்கிறது. சித்தூர் வட்டாரத்தில் தமிழ் வழிப் பள்ளிகள் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளன. தமிழ்நாட்டில் வாழும் தெலுங்குக் குழந்தைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. தனியொருவர் கேட்டுப் பெறுதல் கடினம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து விண்ணப்பம் எழுதினால் அதற்கு எடை உண்டாகும்.

பள்ளியில் வழி கிட்டாதவர் வீட்டையே இரண்டாம் வகுப்பறை ஆக்கிக்கொள்ளலாம். மேற்கூறிய மூன்று விதிகளையே கைக்கொள்ளுக. முதலாவது காலம்: இரவு உணவு நேரம் தமிழுக்கு உரியது என்று வரையறுத்துக்கொள்க, அந்நேரத்தில் வேறு மொழி வேண்டா. இரண்டாவது ஆள்: தந்தையோ தாயோ பாட்டியோ, ஒருவரேனும் குழந்தையோடு எப்பொழுதும் தமிழிலேயே பேசுக. மூன்றாவது வேலை: தமிழை வெறும் பேச்சாக நிறுத்தாது, அதனால் ஒரு செயலைச் செய்விக்க வேண்டும். கடைக்குரிய பட்டியலைக் குழந்தை தமிழில் எழுதட்டும். சமையலுக்கு அரிசியையும் பருப்பையும் தமிழில் எண்ணி அளக்கட்டும். வாரத்திற்கு ஒரு முறை தாத்தாவுக்கு நான்கு வரிக் கடிதம் வரையட்டும். "இதற்குத் தமிழில் என்ன?" என்று அடிக்கடி தேர்வு வைத்தல் ஆகாது. வந்த விருந்தினர் முன்னிலையில் குழந்தையின் கொச்சையைச் சொல்லிச் சிரித்தலும் ஆகாது. ஒருமுறை நாணியவன் மறுமுறை அம்மொழியில் வாய் திறப்பது அரிது.

எழுத்தைக் கற்பிக்க அஞ்ச வேண்டியதில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. இம்முப்பதோடு ஆய்தமும் உயிர்மெய்க் குறிகளும் பழகிவிட்டால் 247 எழுத்தும் கைவசமாகும். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் செலவிட்டால், ஓராண்டிற்குள் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும். ஆயிரக்கணக்கான வடிவங்களைப் படிப்படியாகக் கற்கும் சீன வகுப்பின் குழந்தைக்கு இயல்வது, நம் குழந்தைக்கு இயலாததன்று. இன்று இரவு உணவின்போதே தொடங்கலாம்.