மொட்டைமாடியில் ஒரு கிரில் அடுப்பு

காணும் பொங்கலன்று மாலை, இருட்டத் தொடங்கிய நேரத்தில், எங்கள் தீக்காயப் பிரிவுக்கு ஒரு பெரியவர் அழைத்துவரப்பட்டார். வயது 62. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். புருவங்களும் முன்நெற்றி முடியும் கருகியிருந்தன. முகம் சிவந்து வீங்கியிருந்தது. வலக்கை முழுவதும் வெள்ளையாக ஏதோ பூசப்பட்டிருந்தது. அது பற்பசை என்பது அருகில் சென்றபோதுதான் தெரிந்தது. மூக்கினுள் முடி கருகியிருந்ததாலும் குரல் சற்றுக் கரகரத்ததாலும் அவரை இரண்டு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கண்காணித்தோம். மூச்சுக்குழாய் வீங்கவில்லை. கை மட்டும் எளிதில் ஆறவில்லை. பாலியெஸ்டர் சட்டையின் கைப்பகுதி உருகிப் புறங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து அவ்விடத்தில் ஒட்ட நேர்ந்தது.

மகன் விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வைத்த மூடியிட்ட எரிவாயு கிரில் அடுப்பே இதற்குக் காரணம். “முப்பது வருடமாக வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது டாக்டர். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கூறியது உண்மை என்றே நம்புகிறேன். அவரிடம் அலட்சியம் இருக்கவில்லை. சமையலறை அடுப்பில் முப்பது ஆண்டுகளாகக் கைவந்த பழக்கத்தை அவர் மொட்டைமாடிக்குக் கொண்டுசென்றார்; அங்கே இருந்த அடுப்போ வேறு வகையானது.

நடந்ததை அவரே பின்னர் விவரித்தார். குமிழைத் திருகினார், பொறி விழவில்லை. நான்கைந்து முறை அழுத்திப் பார்த்தார். காற்று வீசியதால் மூடியைக் கவிழ்த்துவிட்டு, கீழே சென்று சமையலறை லைட்டரை எடுத்துவந்தார். குமிழை அணைத்தாரா என்பது அவருக்கு நினைவில் இல்லை. மூடியைத் தூக்கினார், லைட்டரை அழுத்தினார்.

நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எரிவாயு. இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே கசியும் வாயு மேலே எழுந்து மறையாமல் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். திறந்த சமையலறை அடுப்பில் ஓரிரு நொடி வெளிவந்த வாயு பக்கவாட்டில் பரவிக் கலைந்துவிடுகிறது. கிரில் அடுப்பு ஓர் ஆழமான இரும்புப் பெட்டி. மூடியையும் கவிழ்த்துவிட்டால் வாயு வெளியேற வழியில்லை. காற்றில் 2 முதல் 9 விழுக்காடு வரை இவ்வாயு கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பெட்டி முழுவதும் ஒரே கணத்தில் பற்றும். அந்தத் தீப்பிழம்பு ஒரு நொடிதான் நீடிக்கும். மூடியைத் தூக்கியவரின் முகமும் கையும் அந்த நொடியில் அதன் எதிரில் இருக்கும்.

எனவே இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மூடியைத் திறந்து வைத்த பிறகே சிலிண்டரையும் குமிழையும் திறக்க வேண்டும். ஐந்து நொடிகளுக்குள் பற்றவில்லையெனில் குமிழை அணைத்துவிட்டு, மூடி திறந்தபடியே ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் மிக நீண்டதாகத் தோன்றும். பசியோடு பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது இன்னும் நீளும். சமைத்துக்கொண்டிருக்கும்போது காற்றில் தீ அணைந்தாலும் இதே முறைதான். ஏற்றும்போது அடுப்பின் மேல் குனியாமல் ஒரு பக்கமாக நிற்பதும், நீண்ட கழுத்துடைய லைட்டரைப் பயன்படுத்துவதும் நன்று.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பலரும் என்னிடம் கேட்கின்றனர். மருத்துவரிடம் கேட்கும் கேள்வியா என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு பர்னர் அடுப்பே போதும். ஒரு பக்கம் தீயை எரியவிட்டு மறுபக்கம் அணைத்து வைக்கும் வசதி அதில் கிடைக்கிறது. அதன் பயனைப் பின்னர் கூறுகிறேன். பெட்டியின் மேல் 36,000 பிடியு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் அதைப் பெருமையாகக் கொள்ள வேண்டியதில்லை. முழுத் தீயில் மணிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் எரிவாயுவை அது உண்ணும் என்பதே அதன் பொருள். அடுப்பை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடும் கால்களைக் கொண்டதை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்படும் அடுப்புகள் குறித்துத் தனியே எச்சரிக்க விரும்புகிறேன். அமெரிக்காவில் இவை தூய புரொப்பேனுக்காகச் செய்யப்படுகின்றன. அங்குள்ள சிலிண்டரில் மரைபோட்டுத் திருகும் இணைப்பு. நம் வீட்டுச் சிலிண்டரிலோ ரெகுலேட்டரை மேலிருந்து அழுத்திப் பொருத்துகிறோம். ஒன்று மற்றொன்றில் சேராது. இரண்டையும் சேர்ப்பதற்கென்று கடைகளில் கிடைக்கும் இணைப்பான்களையும், கம்பியால் முறுக்கிக் கட்டிய குழாய்களையும் நோயாளிகளின் உறவினர் கைப்பேசியில் எடுத்துவரும் படங்களில் கண்டிருக்கிறேன். குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கென்று செய்த அடுப்பாயின் அதன் ஜெட் துளை பெரிதாக இருக்கும். அதில் சிலிண்டர் வாயுவைச் செலுத்தினால் மஞ்சள் நிறத் தீ உயர்ந்தெழும். இங்கேயே கிடைக்கும், நம் ரெகுலேட்டருக்கும் குழாய்க்கும் ஏற்ற அடுப்பை வாங்குவதே அறிவுடைமை. எரிவாயு விநியோகஸ்தரிடம் கிடைக்கும் கம்பிப் பின்னல் உள்ள செம்மஞ்சள் நிற ‘சுரக்ஷா’ குழாயையே பயன்படுத்துங்கள். ஐந்து ஆண்டுகளில் அதை மாற்றிவிட வேண்டும். மாடி வெயிலில் கிடக்கும் குழாயை அதற்கு முன்பே வெடிப்பு உள்ளதா என்று மடக்கிப் பாருங்கள். எலி கடித்த குழாயையும் நான் கண்டதுண்டு.

திருமணச் சமையற்காரர்கள் கொண்டுவரும் 19 கிலோ வணிகச் சிலிண்டரும் அதன் உயர் அழுத்த ரெகுலேட்டரும் கிரில் அடுப்புக்கு ஏற்றவையல்ல. முத்திரை ஏதுமின்றித் தெருக்கடையில் நிரப்பித் தரப்படும் சிறு சிலிண்டர் எந்த அடுப்புக்குமே ஏற்றதன்று. மாடிக்கு ஏற்றி இறக்க, முறையான 5 கிலோ சிலிண்டர் எளிது. அதைப் படுக்க வைக்காமல் எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். சாய்ந்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாயில் இறங்கக்கூடும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ‘பி 28’ என்றிருந்தால் 2028 ஜூன் வரை அதற்கு மறுசோதனை தேவையில்லை என்று பொருள். ஏ, பி, சி, டி ஆகியவை ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கின்றன.

இணைத்தபின் சோப்பு நீரைக் குழாய் முழுவதும் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. அவ்வீட்டார் சிலரை நான் நேரில் அறிவேன், எங்கள் பிரிவில். கசிவை உணர்த்துவதற்காகவே எரிவாயுவில் துர்நாற்றமுள்ள பொருள் சேர்க்கப்படுகிறது. எனினும் முதுமையில் பலருக்கு மோப்ப உணர்வு குறைகிறது. கொரோனாவுக்குப் பின் அதை இழந்தவர்களும் உண்டு. வீட்டில் இளையவர் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்வதில் இழுக்கில்லை. கசிவு தெரிந்தால் சிலிண்டரை மூடிவிட்டு விலகி நின்று 1906 என்ற எண்ணை அழையுங்கள். எந்த மின்விசையையும் தொடாதீர்கள்.

பல மாதங்கள் சும்மா கிடந்த அடுப்பின் பர்னர் குழாய்களில் சிலந்தி வலை கட்டும். நம் ஊரில் குளவியும் மண்கூடு கட்டிவிடும். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, குமிழின் பக்கம் பின்னோக்கி எரிந்தாலோ உடனே அணைத்துக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். தட்டியைத் தேய்க்கக் கம்பித் தூரிகை வேண்டாம். அதிலிருந்து உதிரும் மெல்லிய கம்பி இறைச்சியில் ஒட்டித் தொண்டையில் குத்தி, அகநோக்கிக் கருவி கொண்டு எடுக்க நேர்வதுண்டு.

மழை வந்துவிட்டதென்று அடுப்பை மாடி அறைக்குள் இழுத்து வைத்துக்கொள்வது பெரும்பிழை. மூடிய இடத்தில் எரியும் அடுப்பு நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும்; தலைவலி, தலைச்சுற்றல் என்று தொடங்கி உயிரையே பறிக்கும். ஓலைக் கொட்டகை, கீற்றுப் பந்தல், காயப்போட்ட துணி ஆகியவற்றின் அருகிலும் வேண்டாம்.

இந்த இதழைப் படிப்போரில் பலர் வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்பவர்கள். ஆக்சிஜன் தானே எரியாது. ஆனால் சாதாரணமாகக் கருகி அணையும் துணியை அது கொழுந்துவிட்டு எரியச் செய்யும். மூக்கில் குழாயுடன் இருப்பவர் அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி விலகி இருக்க வேண்டும். குழாயைக் கழற்றிய பின்னும் ஆடையிலும் முடியிலும் ஆக்சிஜன் சிறிது நேரம் தங்கியிருக்கும். மூக்கு வறட்சிக்கு வாசலின் தடவும் பழக்கமிருந்தால் அதை விட்டு, நீர் சார்ந்த களிம்பைக் கேட்டு வாங்குங்கள். நீரிழிவினால் கை கால்களில் உணர்வு குறைந்தவர்கள் கொதிக்கும் மூடியின் கைப்பிடியைப் பற்றியிருப்பதை அறியாமலே நிற்பார்கள். அவர்கள் செருப்பின்றி மாடிக்கு வரவும் வேண்டாம், சுடும் பொறுப்பை ஏற்கவும் வேண்டாம். சமைப்பவர் நைலான், பாலியெஸ்டர் ஆடைகளைத் தவிர்த்துப் பருத்தி உடுத்த வேண்டும். முந்தானையையும் துப்பட்டாவையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் எரிவாயுத் தீ கண்ணுக்கே புலப்படாது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். எண்ணெயில் பொரித்த மீனைவிடச் சுட்ட மீன் இதய நோயாளிக்கு நல்லது. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருகிய இறைச்சியில் புற்றுநோயோடு தொடர்புடைய வேதிப்பொருள்கள் உருவாகின்றன. கொழுப்பு தீயில் சொட்டி எழும் புகையும் அவ்வாறே. இரண்டு பர்னரின் பயன் இங்கேதான். ஒரு பக்கத் தீயை அணைத்து, இறைச்சியை அப்பக்கம் வைத்து மூடிவிட்டால் அது கருகாமல் வேகும். கருகிய விளிம்பை வெட்டி எறியுங்கள். கத்தரிக்காயையும் சோளக்கதிரையும் சுடுவதில் இத்தொல்லை குறைவு. என் வீட்டில் அவற்றுக்கே முதலிடம்.

தீ பட்டுவிட்டால் செய்ய வேண்டியது எளிது. ஆயினும் பெரும்பாலான வீடுகளில் நடப்பதில்லை. ஆடையில் தீப்பிடித்தவர் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். கனமான பருத்தி ஜமுக்காளத்தால் போர்த்தலாம். பிறகு காயத்தை ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாடித் தொட்டியின் நீர் கோடைக்காலத்தில் மாலை ஆறு மணிக்கும் சுடும். ஆகவே அடுப்பை ஏற்றும் முன்பே கீழிருந்து இரண்டு வாளி நீர் கொண்டுவந்து நிழலில் வையுங்கள். மோதிரம், வளையல்களை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மை, மஞ்சள், இட்லி மாவு, நெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளே நிறுத்துகின்றன, அல்லது தோலை மேலும் புண்படுத்துகின்றன. காயத்தின் ஆழத்தை நாங்கள் காண முடியாதபடியும் மறைக்கின்றன. துவைத்த வெள்ளைத் துணியால் தளர்வாகப் போர்த்தி அழைத்துவாருங்கள். முகம், கை, மூட்டு ஆகியவற்றில் பட்டிருந்தாலும், குரல் மாறியிருந்தாலும், பட்டவர் குழந்தையோ முதியவரோ நீரிழிவு நோயாளியோ ஆனாலும் காத்திருக்காமல் 108 எண்ணை அழையுங்கள்.

அப்பெரியவர் மாதமொரு முறை இயன்முறைச் சிகிச்சைக்கு வருகிறார். காபித் தம்ளரைப் பிடிக்க முடிகிறது. சட்டைப் பொத்தான் இடுவது இன்னும் சிரமம். அதை மனைவி செய்துவிடுகிறார். “அடுப்பை விற்றுவிடட்டுமா, டாக்டர்?” என்று சென்ற முறை கேட்டார். வேண்டாம் ஐயா, என்றேன். பொறிவிசையின் பேட்டரியை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். மகன் வந்ததும் மாற்றச் சொல்வதாக அவர் பதில் கூறினார்.