நான்கு பேருக்குத் திறந்த கதவு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு எதிரே, போட்டோமாக் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது ஆர்லிங்டன். வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த இந்தப் புறநகரில், ஒரு நடுநிலைப் பள்ளிக்கு டாரதி ஹாம் என்ற கறுப்பினத் தாயின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. 1950-ம் ஆண்டுகளில் அதே கட்டடத்தில் கறுப்புக் குழந்தைகளுக்கு இடம் கிடையாது! அப்போது அதற்கு ஸ்டிராட்போர்டு ஜூனியர் ஹைஸ்கூல் என்று பெயர்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளையர் பள்ளி இருந்தாலும், கறுப்பினப் பிள்ளைகள் மேல்வகுப்புப் படிக்க ஹாப்மன்-பாஸ்டன் என்ற தனிப் பள்ளிக்குத்தான் போகவேண்டும்.

பொதுப்பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954 மே 17-ந்தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வர்ஜீனியா ஆட்சியாளர்கள் அதற்கு இணங்கவில்லை. படிப்படியாகச் சேர்த்துக்கொள்ள ஆர்லிங்டன் பள்ளி வாரியம் முன்வந்தது. உடனே, வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே அவ்வூர் மக்களிடமிருந்து மாநில சட்டசபை பறித்துவிட்டது. கறுப்பு மாணவரைச் சேர்க்கும் பள்ளியை இழுத்து மூடவும் சட்டம் வந்தது. 1958-ல் மூன்று ஊர்களில் பள்ளிகள் மூடப்பட்டன. வெள்ளைப் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே நின்றது.

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. 1956-லேயே கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்குப் போட்டவர்களில் டாரதி ஹாமும் ஒருவர். வெள்ளையர் பள்ளிகளில் இடம் கேட்ட 30 பேரில், 4 பேரை மட்டும் ஸ்டிராட்போர்டில் சேர்க்கும்படி 1958-ல் நீதிபதி உத்தரவிட்டார். பள்ளிகளை மூடும் சட்டமும் 1959 ஜனவரி 19-ந்தேதி செல்லாது என்றாகிவிட்டது.

பிப்ரவரி 2-ந்தேதி காலை. சுமார் 100 போலீசார் காவல் நிற்க, ஏழாம் வகுப்பில் சேர நான்கு கறுப்புச் சிறுவர் சிறுமியர் உள்ளே நடந்தார்கள். கலகம் எதுவும் நடக்கவில்லை. வர்ஜீனியாவில் பள்ளிப் பிரிவினை அன்றுதான் உடையத் தொடங்கியது. அதே நாளில் நார்போக் நகரிலும் 17 பேர் வெள்ளையர் பள்ளிகளில் சேர்ந்தனர்.

தீர்ப்புக்கும் அந்த நான்கு பேர் வாசலைத் தாண்டியதற்கும் இடையே ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்! ஹாப்மன்-பாஸ்டனின் மேல்வகுப்புகள் மூடப்பட்டது 1964-ல்தான்.

டாரதி ஹாம் 2004-ல் காலமானார். அவர் பெயரில் பள்ளி திறந்தது 2019-ல். தீர்ப்பு எழுதியவர்கள் நீதிபதிகள். அதைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பெற்றோர். பெயர்ப்பலகை சொல்லும் சேதி அதுதான்.