கடிக்காமலே தாக்கும் சிலந்தி

சிலந்தி என்றதும் சுவரின் மூலையில் வலை பின்னிக் காத்திருக்கும் சிறிய உயிரியே நம் நினைவுக்கு வரும். ஆனால், விரித்த உள்ளங்கையை மறைக்கும் அளவுக்கு வளரும் சிலந்திகளும் உலகில் உண்டு. அவற்றை ‘டரன்டூலா’ என்று அழைப்பர். தடித்த எட்டுக் கால்களும் உடல் முழுவதும் அடர்ந்த உரோமமும் கொண்ட இச்சிலந்திகளைப் பல நாடுகளில் செல்லப்பிராணிகளாக வளர்க்கிறார்கள். இவை நாயைப் போல் குரைப்பதில்லை. பூனையைப் போல் வீடெங்கும் சுற்றி வருவதுமில்லை. ஒரு கண்ணாடித் தொட்டியும், வாரத்திற்குச் சில பூச்சிகளும் இருந்தால் போதும். இவற்றுள் சில வகைகளின் பெண் சிலந்திகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை.

டரன்டூலாவை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் அதன் நச்சுப் பற்களுக்கே அஞ்சுவர். ஆனால், செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் அமெரிக்க வகைகளில் பெரும்பாலானவற்றின் கடி, தேனீயோ குளவியோ கொட்டியது போன்ற வலியையே தரும். அவை எளிதில் கடிப்பதும் இல்லை. வளர்ப்பவர்களுக்கு அடிக்கடி தொல்லை கொடுப்பது வேறொன்று. அது பார்ப்பதற்குப் பட்டுப் போல் மென்மையாகத் தோன்றும். அதுதான் சிலந்தியின் வயிற்றின் மேலுள்ள உரோமம்.

சுணை உரோமம்

மூங்கில் தண்டையோ கரும்புத் தோகையையோ வெறுங்கையால் தொட்டவர்களுக்குச் ‘சுணை’ என்றால் என்னவென்று தெரியும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்த நுண்ணிய முடிகள் தோலில் குத்திக்கொண்டு அரிப்பை உண்டாக்கும். கம்பளிப்பூச்சி மேலே ஊர்ந்தாலும் இதே தொல்லைதான். டரன்டூலாவின் வயிற்றுப் பகுதியில் இருப்பதும் இத்தகைய சுணை உரோமமே.

எதிரி ஒன்று தன்னை நெருங்குவதாக உணர்ந்தால், டரன்டூலா பின்னங்கால்களால் தன் வயிற்றின் மேற்புறத்தை விரைவாகத் தேய்க்கும். உடனே சுணை உரோமங்கள் உதிர்ந்து, மெல்லிய புகையைப் போல் காற்றில் பரவும். மோப்பம் பிடித்துக்கொண்டு வந்த ஓர் எலியின் மூக்கிலும் கண்ணிலும் அவை பட்டால், எலி இரையை மறந்து தன் முகத்தைத் துடைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் சிலந்தி வளைக்குள் புகுந்து தப்பித்துக்கொள்ளும். அடிக்கடி இவ்வாறு செய்யும் சிலந்தியின் வயிற்றில் வழுக்கை விழுந்தாற்போல் ஒரு திட்டு தென்படும். அடுத்த முறை தோலுரிக்கும்போது அவ்விடத்தில் புதிய உரோமங்கள் வந்துவிடும்.

அறிவியலாளர்கள் சுணை உரோமங்களை அவற்றின் வடிவத்தைக் கொண்டு 7 வகைகளாகப் பிரித்துள்ளனர். எல்லா வகைகளும் காற்றில் பறப்பவை அல்ல. மெக்சிகோவின் செம்முழங்கால் டரன்டூலாவும், சிலி நாட்டின் ரோஜா நிற டரன்டூலாவும் தங்கள் உரோமத்தைக் காற்றில் உதறும். மரத்தில் வாழும் ‘இளஞ்சிவப்புப் பாத’ டரன்டூலாவோ பெரும்பாலும் தன் வயிற்றை எதிரியின் மீது நேரடியாக அழுத்தும். இன்னும் சில சிலந்திகள் தங்கள் முட்டைப் பையில் இவ்வுரோமங்களைப் பதித்து வைக்கின்றன. முட்டைகளைத் தின்ன வரும் ஈக்களின் புழுக்களை அவை தடுக்கின்றன. ஆக, இந்த உரோமம் பிறரை வேட்டையாடுவதற்கான கருவி அன்று. தன்னையும் தன் வாரிசுகளையும் காத்துக்கொள்வதற்கான கேடயம்.

ஆசியச் சிலந்திகளிடம் சுணை உண்டா?

சுணை உரோமம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டரன்டூலாக்களிடம் மட்டுமே காணப்படுகிறது. அங்குள்ள வகைகளில் சுமார் 90 விழுக்காட்டிற்கு இந்த உரோமம் உண்டு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் டரன்டூலாக்களுக்கு இது கிடையாது. மலாய்த் தீபகற்பத்தின் காடுகளிலும் டரன்டூலாக்கள் உள்ளன. அவை உரோமத்தை உதறுவதில்லை. மாறாக, மின்னல் வேகத்தில் ஓடி ஒளியும். வழியில்லை என்றால் கடிக்கும். அவற்றின் கடி அமெரிக்க வகைகளின் கடியைவிடக் கூடுதல் வலியைத் தரும். ஆகவே, ‘இதற்குச் சுணை இல்லை’ என்று எண்ணிக் காட்டில் காணும் சிலந்தியைக் கையில் எடுப்பதும் தவறாகும்.

தோலில் நடப்பது என்ன?

சுணை உரோமம் ஒன்றின் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர். பல அதனினும் சிறியவை. நுண்ணோக்கியின் வழியே பார்த்தால் அதன் உண்மை உருவம் தெரியும். நுனி ஊசியைப் போல் கூர்மையாக இருக்கும். உடல் நெடுகிலும் தூண்டில் முள்ளின் கொக்கியைப் போன்ற நுண்ணிய முட்கள் இருக்கும். தூண்டில் முள் மீனின் வாயில் எளிதாக நுழையும்; ஆனால் எளிதாக வெளியே வராது. சுணை உரோமமும் அப்படித்தான். அழுத்தம் கொடுக்கக் கொடுக்க அது முன்னோக்கியே நகரும். சில வகை உரோமங்கள் மனிதத் தோலுக்குள் 2 மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லக்கூடியவை.

உள்ளே நுழைந்த உரோமத்தை உடல் ஓர் அந்நியப் பொருளாகக் கருதுகிறது. உடனே, நோய் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றுள் சில, ‘ஹிஸ்டமின்’ என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அதனால், அவ்விடத்திலுள்ள சிறு இரத்த நாளங்கள் விரிவடைகின்றன. தோல் சிவந்து, தடித்து, சிறு சிறு கொப்புளங்கள் போல் எழும்புகிறது; தாங்க முடியாத அரிப்பும் ஏற்படுகிறது. உரோமம் நீண்ட நாள் உள்ளேயே தங்கிவிட்டால், எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றி வளைத்துக்கொள்ளும்; அவ்விடத்தில் சிறு கட்டி தோன்றுவதும் உண்டு.

அரிப்பு எடுத்தால் கை தானாகவே சொறியத் தொடங்கும். அதுதான் நாம் செய்யும் முதல் தவறு. சொறியும்போது மேலோட்டமாக இருந்த உரோமங்கள் இன்னும் ஆழமாக இறங்குகின்றன. நகத்தில் ஒட்டிக்கொண்டவை கழுத்துக்கும் முகத்துக்கும் பரவுகின்றன. சிலந்தி தொடங்கி வைத்த தொல்லையை நம் விரல்களே வளர்த்துவிடுகின்றன.

ஒருவருக்கு ஒருவர் மாறுபடும்

ஒரே சிலந்தியின் உரோமம் இருவர்மீது பட்டாலும், விளைவு ஒரே மாதிரியாக இருப்பதில்லை. ஒருவருக்குச் சில மணி நேரத்தில் அரிப்பு அடங்கிவிடும். மற்றொருவருக்குத் தடிப்பு வாரக்கணக்கில் நீடிக்கும். உரோமத்தைச் சுவாசித்தால் தும்மலும் மூக்கொழுகலும் இருமலும் வரலாம். ஏற்கெனவே ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும்.

‘பழகப் பழக எல்லாம் சரியாகிவிடும்’ என்று சிலர் எண்ணக்கூடும். ஒவ்வாமையைப் பொறுத்தவரை இந்த எண்ணம் ஆபத்தானது. நம் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு நினைவு உண்டு. ஒருமுறை சந்தித்த பொருளை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. தடுப்பூசி நம்மைக் காப்பதும் இந்த நினைவாற்றலால்தான். ஆனால், அதே நினைவாற்றல் சில வேளைகளில் நமக்கே தொல்லையாக முடிகிறது. முதல் முறை இலேசான அரிப்போடு நின்றவருக்கு, மீண்டும் மீண்டும் உரோமம் படும்போது தடிப்பு முன்பைவிடக் கடுமையாகலாம். பல ஆண்டுகள் சிலந்தி வளர்த்தவர்கள் சிலர், பிற்காலத்தில் தொட்டியைத் திறக்கவே இயலாத அளவுக்கு ஒவ்வாமைக்கு ஆளாவதும் உண்டு. ஆகவே, ‘நேற்று ஒன்றும் ஆகவில்லை’ என்பது இன்றைக்குப் பாதுகாப்பு ஆகாது.

கண்ணில் பட்டால்

சுணை உரோமத்தால் விளையும் பெருங்கேடு கண்ணுக்குத்தான். கருவிழியின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிவான படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பு மட்டுமே உடையது. தோலுக்குள் 2 மில்லிமீட்டர் வரை இறங்கக்கூடிய உரோமத்திற்கு அது ஒரு மெல்லிய திரை. கண்ணைக் கசக்கினால் உரோமம் மேலும் உள்ளே நகர்ந்து, கண்ணின் உட்பகுதியையும் பாதிக்கலாம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2009ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் இதற்குச் சான்றாகும். கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் ஓர் ஆடவர் மூன்று வாரம் அவதிப்பட்டார். சாதாரணக் கண் நோய் என்று கருதி அவருக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டது. பலன் இல்லை. பின்னர், கண் மருத்துவர்கள் உருப்பெருக்கும் கருவியின் மூலம் அவரது கண்ணைக் கூர்ந்து ஆராய்ந்தனர். கருவிழிப் படலத்தில் முடி போன்ற நுண்ணிய பொருள்கள் குத்திக்கொண்டிருந்தன.

அதைக் கேட்டதும் அவருக்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. மூன்று வாரத்திற்கு முன்பு, தாம் வளர்த்த சிலி நாட்டு டரன்டூலாவின் தொட்டியில் படிந்திருந்த கறையை அவர் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஏதோ அசைவதை உணர்ந்து திரும்பினார். சிலந்தி உதறிய உரோமங்கள் அவரது முகத்திலும் கண்ணிலும் பட்டன. அந்த உரோமங்கள் மிகவும் சிறியவையாக இருந்ததால் நுண்ணிய இடுக்கியாலும் அவற்றை எடுக்க இயலவில்லை. வீக்கத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தை நீண்ட காலம் பயன்படுத்த வேண்டியதாயிற்று. பல மாதங்களுக்குப் பிறகும் அவரது பார்வையில் மிதக்கும் புள்ளிகள் தென்பட்டன. 2010ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் இச்சம்பவம் வெளிவந்தது.

மருத்துவரின் கருவிக்கு எட்டியது உரோமம் மட்டுமே. அது எங்கிருந்து வந்தது என்பதை விளக்கியது நோயாளியின் நினைவுதான். வீட்டில் என்ன வளர்க்கிறோம், அண்மையில் எதைத் தொட்டோம், எதைத் துப்புரவு செய்தோம் என்பன போன்ற தகவல்கள் நமக்கு அற்பமாகத் தோன்றலாம். மருத்துவருக்கோ அவை நோயைக் கண்டறியும் திறவுகோல் ஆகின்றன.

முதலுதவி

தோலில் சுணை உரோமம் பட்டுவிட்டால், முதலில் சொறியாமல் இருக்க வேண்டும். ஒட்டுநாடாவைப் பாதிக்கப்பட்ட இடத்தில் மெதுவாக ஒட்டி, மேல்நோக்கி உரித்து எடுத்தால் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் உரோமங்கள் பல அதனோடு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிய ஒட்டுநாடாவைப் பயன்படுத்துதல் நல்லது. அதன்பின், அவ்விடத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவலாம். துவாலையால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் அரிப்புச் சற்றுத் தணியும். உடுத்தியிருந்த ஆடையை உடனே மாற்றித் தனியாகத் துவைக்க வேண்டும். அரிப்பு அடங்கவில்லை என்றால், ஹிஸ்டமினைக் கட்டுப்படுத்தும் மாத்திரையோ பூச்சு மருந்தோ தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கண்ணில் பட்டால் ஒருபோதும் கசக்கக் கூடாது. கைகளைக் கழுவிய பிறகு, தூய்மையான நீரைக் கண்ணில் மெதுவாக ஊற்றி அலச வேண்டும். வலி குறைந்துவிட்டாலும் தாமதிக்காமல் கண் மருத்துவரை அணுகி, நடந்ததை முழுமையாகக் கூற வேண்டும். மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ முகம் வீங்கினாலோ உடனடியாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

வருமுன் காப்போம்

சிலந்தியைத் தொடாவிட்டால் ஆபத்து இல்லை என்று கருதுவதும் சரியன்று. உதிர்ந்த உரோமங்கள் தொட்டியின் மண்ணிலும் கண்ணாடியிலும், சிலந்தி உரித்துப் போட்ட பழைய தோலிலும் தங்கியிருக்கும். எனவே, தொட்டியைத் துப்புரவு செய்பவர்கள் கையுறை, நீளக்கை சட்டை, முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றை அணிய வேண்டும். முகத்தைத் தொட்டியின் அருகே கொண்டுசெல்லக் கூடாது. வேலை முடிந்ததும் கைகளைக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது. விருந்தினரிடமும் குழந்தைகளிடமும் சிலந்தியைக் கொடுத்து மகிழ்விக்க எண்ணுவது விபரீதத்தில் முடியலாம்.

விலங்குகளை வளர்ப்பது குறித்து ஒவ்வொரு நாட்டிலும் சட்டங்கள் உள்ளன. சிங்கப்பூரில் டரன்டூலாவைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. மற்ற நாடுகளிலும் முதலில் சட்டத்தை அறிந்துகொள்வதே முறையாகும்.

டரன்டூலா உரோமத்தை உதறுவது சினத்தாலோ பகையாலோ அன்று. தன்னைவிடப் பன்மடங்கு பெரிய கை ஒன்று தன் இருப்பிடத்துக்குள் நுழையும்போது, அதற்குத் தெரிந்த ஒரே மொழியில் ‘விலகி நில்’ என்று அது சொல்கிறது. அந்த மொழியைப் புரிந்துகொண்டு விலகி நிற்பவரின் தோலும் கண்ணும் பாதுகாப்பாக இருக்கும். சிலந்தியும் அமைதியாக வாழும்.